நம்பர் 4 (டி) ஸ்னைப்பர் ரைஃபிள்: அசலா, ஒட்டுவேலையா?

லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 (டி) என்று விலைக்கு வரும் போலிகளில் பெரும்பாலானவை போலித் துப்பாக்கிகளே அல்ல. அடியில் இருப்பது அசல் ராணுவ ரைஃபிள்தான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் தயாரான சாதாரண நம்பர் 4 ஒன்றை எடுத்து, இடது பக்கம் ஸ்கோப்பைத் தாங்க இரண்டு பேட் (உலோகத் துண்டு) பொருத்தி, மேலே ஒரு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஏற்றி, நாலு எழுத்தை அடித்தால் விலை பல மடங்காகிவிடுகிறது. அதனால் "இது 1944-ல் செய்ததுதானா?" என்று கேட்பதில் பயனில்லை, ஆமாம் என்றே பதில் வரும். தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகு இந்த ரைஃபிளுக்கு யார், எப்போது, என்ன வேலை செய்தார்கள் என்பதைத்தான் தேட வேண்டும். கீழே வரும் சோதனை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் அசல் எப்படி உருவானது என்பது மனதில் இருக்கட்டும். 1930-களின் தொடக்கத்தில் சோதனைக்காகச் செய்த நம்பர் 4 ரைஃபிள்களில் சுமார் 1,400-ஐ என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையே ஸ்னைப்பராக மாற்றியது. 1942-லிருந்து அந்த வேலை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்குப் போனது. போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேல் மாற்றிக் கொடுத்தார்கள். அடிப்படை ரைஃபிள்கள் பெரும்பாலும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் ஷர்லி ஆலையில் செய்தவை. மால்ட்பி அரசு ஆலையிலிருந்தும், அமெரிக்காவின் சாவேஜ் ஆலையிலிருந்தும் வந்தவை உண்டு. கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலை தன் ரைஃபிள்களைத் தானே மாற்றியது. அவை ஆயிரத்துச் சொச்சம்தான்.

பிஎஸ்ஏ ரைஃபிளின் பயணம் இப்படி. ஆலையில் சுட்டுப் பார்த்து, குறி நன்றாக விழுந்தவற்றைப் பிரித்து வைத்தார்கள். ஹாலண்டில் பேட், ஸ்கோப்பைப் பேட்டோடு இணைக்கும் பிராக்கெட், ஸ்கோப், கன்னத்தாங்கி எல்லாம் பொருத்தினார்கள். பிறகு படைப்பிரிவுக்கும், பழுது வந்தபோது ஆர்மரர் (ராணுவத் துப்பாக்கி மெக்கானிக்) பட்டறைக்கும் போனது. ஒவ்வொரு நிறுத்தமும் தனக்கென ஒரு தடம் விட்டிருக்கும். போலியில் இந்தத் தடங்கள் எல்லாமே ஒரே நாளில், ஒரே கையால் விழுந்தவை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் இந்த ரைஃபிளின் .303 அங்குலக் குழல் விட்டம், தடைசெய்யப்பட்ட விட்ட வகையில் வருகிறது. தனியாருக்குச் சாதாரணமாக லைசென்ஸ் கிடைக்காது. ஆகவே இங்கிருப்பவர்களுக்கு இது அருங்காட்சியகத்திலும் படைப்பிரிவு மெஸ்ஸிலும் பார்க்கும் பொருள். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் சேகரிப்பவர்கள் அந்தந்த ஊர் லைசென்ஸை முடித்துக்கொண்டு பிறகு பேரம் பேசலாம்.

கையில் எடுக்கும்போது

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் இதைச் செய்யாமல் அடுத்த வேலை இல்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம்: பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று, சின்ன எல்இடி டார்ச், ஒரு காந்தம், பஞ்சு முனைக் குச்சி, கொஞ்சம் டர்பன்டைன், புற ஊதா டார்ச், படம் எடுக்க ஒரு செல்போன். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. உலோகத்தோடு ஒட்டிப் படுத்தவாக்கில், பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போதுதான் அழித்த எண்ணின் பள்ளமும், ராவிய இடத்தின் அலையும், பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பழைய முத்திரையும் எழுந்து வரும்.

இடது பக்கத்தை வாசியுங்கள்

தோளில் வைக்கும் மரப் பின்கட்டை வந்து செருகும் இரும்புக் கழுத்துதான் பட் சாக்கெட். அதன் இடது முகத்தில் வரிசை எண், ஆண்டு, ஆலைக் குறி எல்லாம் இருக்கும். பிஎஸ்ஏ ஷர்லியின் போர்க்காலக் குறி எம்47சி. அந்த ரைஃபிள்களின் எண் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கி இலக்கங்களாகப் போகும். சாவேஜ் எண்ணுக்கு நடுவில் சி வரும். லாங் பிராஞ்ச் எண்ணுக்கு நடுவில் எல் வரும். சாவேஜ் ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) இடது சுவரில் அமெரிக்க அரசுச் சொத்து என்ற முத்திரையும் இருக்கும்.

அதே சாக்கெட்டின் இடது பக்கத்தில் டிஆர் என்ற இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். ஸ்னைப்பருக்கென ஆலையில் பிரித்து வைத்த ரைஃபிளின் அடையாளம் அது. தேர்வானதற்குத்தான் அது சான்று, மாற்றியதற்குச் சான்றாகாது. டிஆர் மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லாத ரைஃபிளுக்கு ஸ்னைப்பர் விலை கொடுக்க வேண்டியதில்லை. எல்லா ஆலையிலும், எல்லா ஆண்டிலும் டிஆர் அடித்ததில்லை என்பதால், அது இல்லாததை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் கூடாது.

மாற்றம் முடிந்ததற்கான எழுத்து டி. அது ரிசீவரின் இடது சுவரில், நம்பர் 4 மார்க் 1 என்ற எழுத்துகளின் பக்கத்தில் தனியாக நிற்கும். போலிக்காரர்கள் முதலில் அடிப்பதும் இதைத்தான், ஒற்றை எழுத்து அச்சுக் கட்டை எங்கும் கிடைக்கிறதே.

அந்த டியை லூப்பில் வைத்துப் பாருங்கள். அச்சு அடிக்கும்போது உலோகம் எங்கும் போய்விடுவதில்லை. ஓரங்களில் மேடாக எழும். அசலில் அந்த மேடு எண்பது வருடம் கைபட்டுத் தேய்ந்து சமமாகியிருக்கும். பள்ளத்தின் அடித்தளத்தில் சுற்றியுள்ள மேற்பரப்பின் அதே நிறம், அதே பாஸ்பேட் பூச்சு, அதே பெயிண்ட் இறங்கியிருக்கும். புதிதாக அடித்ததில் ஓரம் விரலில் சொரசொரக்கும், அடியில் உலோகம் மினுக்கும். மினுக்கத்தை மறைக்க, இரும்பைக் கறுப்பாக்கும் குளிர் நீலத் திரவம் தடவுவார்கள், மெழுகோடு அழுக்கைக் குழைத்து அடைப்பார்கள். டர்பன்டைன் தொட்ட பஞ்சால், உரிமையாளரின் அனுமதியோடு, மெல்ல ஒற்றி எடுத்தால் அடைப்பு பஞ்சோடு வந்துவிடும். அசல் அழுக்கு அவ்வளவு சுலபத்தில் வராது.

போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் முழுப் பழுது பார்த்த ரைஃபிள்களில் சன்கொரைட் என்ற கறுப்பு பெயிண்டைப் பூசியது. எஃப்டிஆர் என்ற மூன்றெழுத்து அந்தப் பழுதின் குறி. அப்படிப்பட்ட ரைஃபிளில் டி பெயிண்டுக்கு அடியில் இருக்க வேண்டும். பெயிண்டைப் பிளந்துகொண்டு மேலிருந்து இறங்கியிருந்தால் அது பழுதுக்குப் பிறகு அடித்தது.

இதே தர்க்கம் வணிகச் சோதனை முத்திரையிலும் உதவும். பிரிட்டனில் ராணுவத்திலிருந்து வெளியே விற்ற ரைஃபிள்களின் குழலில் .303, 2.222, 18.5 டன் என்ற எண்களோடு பிரிட்டிஷ் புரூஃப் மார்க் இருக்கும். அது அடிபட்டது ராணுவ வாழ்க்கை முடிந்த பிறகு. ரிசீவர் சுவரில் உள்ள டி அந்த முத்திரைகளைவிடப் புதிதாகத் தெரிந்தால் கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் இறக்குமதியாளர் முத்திரையையும் இப்படியே ஒப்பிடலாம்.

மாடலிலேயே கழிபவை

சில ரைஃபிள்களை லூப் இல்லாமலே ஒதுக்கிவிடலாம். மார்க் 1-க்குப் பின்னால் நட்சத்திரக் குறி உள்ள மாடல் கனடாவிலும் அமெரிக்காவிலும் மட்டுமே செய்தது. பிரிட்டிஷ் ஆலைக் குறியோடு நட்சத்திர மார்க் 1 என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். வேறுபாடு எளிது: மார்க் 1-ல் போல்ட் தலையை விடுவிக்க அழுத்தும் ஒரு பிடிப்பு உண்டு, நட்சத்திர மாடலில் அதற்குப் பதில் போல்ட் ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு மட்டும்.

ஃபஸாக்கர்லி ஆலையின் மார்க் 2, அதாவது டிரிகர் ரிசீவரிலிருந்தே தொங்கும் மாடல், 1949-க்குப் பிறகு வந்தது. அதில் போர்க்கால ஸ்னைப்பர் இருக்க வழியில்லை. ஆனால் சந்தையில் பேட் வைத்த மார்க் 2-க்கள் குறைவில்லை, ஏனெனில் அவைதான் பளபளவென்று, தேயாத குழலோடு, மலிவாகக் கிடைத்தன. விளையாட்டுக்குச் சுட அப்படி ஒன்றைச் செய்துகொள்வதில் குற்றமில்லை. அதை ஹாலண்ட் வேலை என்று விற்பதில்தான் இருக்கிறது.

பேட்கள்: அதிக நேரம் இங்கேதான்

ரிசீவரின் இடது பக்கம் முன்னால் வட்டமான தடித்த பேட் ஒன்று. பின்னால், ரியர் சைட்டுக்கு (பின்பக்கக் குறிகாட்டி) கீழே, தட்டையான பேட் ஒன்று. இரண்டையும் திருகு போட்டு, சால்டர் (உருக்கிய பற்று) ஓட விட்டு, திருகு தளராமல் இருக்க அதன் விளிம்பில் பொட்டுக் குத்தி இறுக்கியிருப்பார்கள். பிராக்கெட்டின் இரண்டு கட்டைவிரல் திருகுகள் இந்தப் பேட்களில்தான் இறங்கும்.

அசலில் தேட வேண்டியவை: பேட் ரிசீவரோடு சேரும் விளிம்பில் மயிரிழைபோல மங்கிய சால்டர் கோடு, சுற்றியுள்ள பரப்பின் அதே பூச்சு, திருகின் தலையில் பழைய பொட்டுத் தடம். முன் பேட் தளர்வது அசலிலேயே அடிக்கடி வந்த நோய். ஒவ்வொரு சுடுதலின் உதையும் அங்கேதான் போய் விழும். அதனால் ஆர்மரர் ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டியதற்கான இரண்டாவது பொட்டுத் தடம் இருந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. ராணுவத்தில் உழைத்த துப்பாக்கி அது.

போலியில் வருவன: ஆறுமுக ஆலன் திருகு, மெட்ரிக் மரை, சுற்றிலும் வெல்டிங் மணி, அல்லது விளிம்பில் பிசின். புற ஊதா டார்ச் அடித்தால் எப்பாக்ஸி பல சமயம் வெளிறிய நீலத்தில் ஒளிரும். பேட்டுக்கு அடியில் ரிசீவரின் பூச்சைச் சுரண்டி எடுத்த இடம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மறைக்க அந்த ஒரு கையகல இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருக்கும். ரிசீவர் முழுக்க மங்கி, இரண்டு பேட்டைச் சுற்றி மட்டும் பளிச்சென்றிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பேட் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைச் சுடாமலே பார்க்கலாம். ஸ்கோப்பை இறக்குங்கள், போல்ட்டை வெளியே எடுங்கள், பிறகு ஸ்கோப்பைத் திரும்ப ஏற்றுங்கள். ரைஃபிளை மணல் மூட்டையிலோ மரத் தாங்கியிலோ அசையாமல் உட்கார வையுங்கள். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு கம்பத்தின் உச்சியோ ஜன்னல் மூலையோ குழலின் நட்ட நடுவில் தெரியும்படி, பின்னாலிருந்து குழல் வழியே பார்த்து நிறுத்துங்கள். இப்போது ரைஃபிளைத் தொடாமல் ஸ்கோப்பில் பாருங்கள். ஸ்கோப்பின் பக்கவாட்டு டிரம் (குறியை நகர்த்தும் குமிழ்) நடுவில் இருக்கும்போது குறிமுனை அந்தப் புள்ளிக்கு அருகில் நின்றால் பேட் வேலை தெரிந்தவர் செய்தது. டிரம்மைக் கடைசிவரை திருப்பியும் புள்ளி எட்டவில்லை என்றால், பேட்கள் குழலுக்கு இணையாக இல்லை, அல்லது பிராக்கெட் இந்த ரைஃபிளுக்குரியதல்ல. ஹாலண்டில் ஒவ்வொரு பிராக்கெட்டையும் அந்தந்த ரைஃபிளின் பேட்டுக்கே கையால் பொருத்தினார்கள். அதனால்தான் எண் அடித்தார்கள், அழகுக்காக அல்ல.

எண்களின் சங்கிலி

ரைஃபிளின் வரிசை எண் மூன்று இடத்தில் ஒன்றாக வர வேண்டும்: பட் சாக்கெட், போல்ட் கைப்பிடியின் பின்புறம், ஸ்கோப் பிராக்கெட். ஸ்கோப்புக்கு அதன் சொந்த எண் ஒன்று உண்டு. அந்த எண்ணைப் பின்கட்டையின் கழுத்தில், மேற்புறத்தில், மரத்திலேயே அடித்திருப்பார்கள். ஆக, பிராக்கெட் ரைஃபிளைச் சொல்லும். கட்டை ஸ்கோப்பைச் சொல்லும். இந்தக் குறுக்குப் பிணைப்புதான் நம்பர் 4 (டி)யின் அடையாள அட்டை.

ஸ்கோப் உடைந்து வேறு வந்தபோது ஆர்மரர் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புது எண்ணை அடித்தார். ஆகவே கட்டையின் கழுத்தில் இரண்டு எண்கள், ஒன்றில் வெட்டு, மற்றொன்று கையிலுள்ள ஸ்கோப்போடு சேர்கிறது என்றால் அதுவே நல்ல சாட்சி. இப்படி ஒரு சிக்கலான வரலாற்றைப் போலிக்காரர் பெரும்பாலும் மெனக்கெட்டுச் செய்வதில்லை. அவருக்கு எல்லாம் ஒரே எண்ணாக, சுத்தமாக இருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். நாலு இடத்து எண்ணும் ஒரே உயரம், ஒரே வடிவ 3, ஒரே வடிவ 4 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சாக்கெட்டில் எண்ணை அடித்தது பர்மிங்ஹாம் பக்கத்து ஷர்லி ஆலை. பிராக்கெட்டில் அடித்தது லண்டன். கட்டையில் அடித்தது அங்கோ படைப்பட்டறையிலோ. ஒரே அச்சுப் பெட்டி மூன்று ஊருக்கும் பயணித்திருக்காது. லூப்பில் 3-ன் தலை தட்டையா வளைவா, 4-ன் மூக்குத் திறந்ததா மூடியதா என்று பாருங்கள். மரத்தில் அடித்த எண்ணில் நார் நசுங்கி உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். நார் கிழிந்து வெள்ளை தெரிந்தால் அது நேற்றைய வேலை.

பின்கட்டையின் அடிப்புறத்தில், கழுத்துப் பக்கமாக, எஸ்51 என்ற சின்ன முத்திரை ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் போர்க்கால ஒப்பந்தக் குறி. இது கட்டைக்குரிய சான்று மட்டுமே. கட்டை ஒரு நீள போல்ட்டில் நிற்கிறது. பத்து நிமிடத்தில் கழற்றி வேறு ரைஃபிளில் மாட்டலாம். எஸ்51 கட்டைகள் தனியாக விலைக்குப் போவதும் அதற்காகத்தான். எஸ்51-ஐப் பார்த்ததும் பையைத் திறப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஸ்கோப்

நம்பர் 32 முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென வடிவமைத்தது. மேல் டிரம்மில் ஆயிரம் கெஜம்வரை குறியீடு இருப்பதற்கும், ஒரு ரைஃபிள் ஸ்கோப்புக்கு இது இவ்வளவு கனமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். மூன்று மடங்கு பெருக்கம், ஒன்பது பாகைப் பார்வைப் புலம், நிலையான ஃபோகஸ். உள்ளே கீழிருந்து எழும் கூர்முனைக் கம்பமும் குறுக்கே ஒரு கம்பியும். நான்கு பக்கமும் மெல்லிய கம்பி, நடுவில் புள்ளி, கண்ணருகே திருப்பும் ஃபோகஸ் வளையம் எல்லாம் இருந்தால் அது நம்பர் 32 இல்லை.

மூன்று மார்க் உண்டு. மார்க் 1-ல் பக்க டிரம் ஒரு கிளிக்குக்கு இரண்டு கோண நிமிடம் நகரும். மார்க் 2-ல் அது ஒரு நிமிடமானது. இந்த இரண்டிலும் ஸீரோ செய்ய (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்ய) தனிக் கருவியும், கூடவே இன்னொரு கையும் இருந்தால் நல்லது. மார்க் 3-ல் அந்த அவஸ்தை தீர்ந்தது. குழாயின் மேல் மாடல் எழுத்தோடு ஓஎஸ் என்று தொடங்கும் பட்டியல் எண்ணும் இருக்கும்: மார்க் 1-க்கு 466ஏ, மார்க் 2-க்கு 1650ஏ, மார்க் 3-க்கு 2039ஏ. மாடலும் பட்டியல் எண்ணும் சேராத ஸ்கோப்பை உடனே கீழே வைத்துவிடலாம். செய்தவரின் சுருக்க எழுத்து, ஆண்டு, பிரிட்டிஷ் அரசுச் சொத்தைக் குறிக்கும் அகல அம்புக்குறி எல்லாம் அதே இடத்தில். லீட்ஸின் கெர்ஷா, கனடாவின் ஆர்இஎல் இரண்டும் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அது ராணுவத்திலிருந்து விற்றுத் தள்ளியதன் குறி. குறையாக எண்ண வேண்டாம்.

1943 ரைஃபிளில் 1945 ஸ்கோப் இருப்பது தவறல்ல. மேலே சொன்னபடி கட்டையின் கழுத்து அந்த மாற்றத்தைச் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழுத்தில் ஒரே ஒரு எண், அது இந்த ஸ்கோப்பினுடையதல்ல என்றால், நல்ல ரைஃபிளும் நல்ல ஸ்கோப்பும் பிற்காலத்தில் சந்தித்திருக்கின்றன. விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள்.

எல்1ஏ1 என்று எழுதிய ஸ்கோப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் என்ஃபீல்டில் ஆயிரத்துச் சொச்சம் நம்பர் 4 (டி)க்களை 7.62 மிமீ குழலோடு எல்42ஏ1 என்ற ஸ்னைப்பர் ரைஃபிளாக மாற்றினார்கள். நம்பர் 32 ஸ்கோப்பையே புதுத் தோட்டாவுக்கு ஏற்பத் திருத்தி எல்1ஏ1 ஆக்கி, டிரம்மில் கெஜத்துக்குப் பதில் மீட்டர் வைத்தார்கள். .303 ரைஃபிளின் மேல் மீட்டர் டிரம் இருந்தால், அந்த ஜோடி பிற்காலச் சேர்க்கை. ஸ்கோப் அசல்தான், ஆனால் டிரம்மில் உள்ள எண்கள் .303 குண்டின் பாதைக்குப் பொருந்தாது.

நகல் ஸ்கோப்கள் இப்போது நிறையவே வருகின்றன. எழுத்து அச்சடிக்காமல் லேசரில் செதுக்கியிருக்கும். லூப்பில் ஓரம் எரிந்த தோற்றம் தெரியும். டிரம் கிளிக் விரலில் மொழுமொழு என்றிருக்கும். லென்ஸில் பச்சை, ஊதா என்று இன்றைய பூச்சு மின்னும். பிராக்கெட்டில் காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினிய நகல், அசல் இரும்பு. லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை வலை, சிமெண்ட் பிரிந்து மஞ்சள் பூத்த திட்டு இருந்தால் அதெல்லாம் வயதின் நோய். பார்வை மங்கலாக இருக்கிறதே என்று அசலைத் தள்ளிவிட்டு, பளிச்சென்ற நகலை வாங்கியவர்கள் உண்டு.

சின்ன சின்ன விஷயங்கள்

ரியர் சைட்டை மடக்கினால் நிமிரும் போர்க்காலப் பெரிய துளை வளையம் ஸ்னைப்பரில் இருக்கக் கூடாது. ஸ்கோப்புக்கு இடைஞ்சல் என்று அதை அரைத்து எடுத்துவிட்டார்கள். அசலில் அரைத்த இடமும் கறுத்திருக்கும். வளையத்தை அப்படியே விட்டிருந்தால் யாரோ மறந்துவிட்டார்கள். வெள்ளை உலோகமாக இருந்தால் நினைவு தாமதமாக வந்திருக்கிறது.

மேகசினுக்கு முன்னால், டிரிகர் காப்பின் முன் திருகில், ஒரு கூடுதல் வார்வளையம் இருக்கும். கன்னத்தாங்கி மரத்தில் செய்து மேலிருந்து திருகியது. அதைச் சுற்றி எண்ணெயும் வியர்வையும் இறங்கிக் கோடு விழுந்திருக்க வேண்டும். திருகின் வாய் சிதையாமல், அடியில் கட்டையின் நிறம் வெளியிலிருக்கும் நிறத்தோடு அப்படியே ஒத்துப்போனால் தாங்கி அண்மையில்தான் வந்து உட்கார்ந்தது.

இந்தியாவிலிருந்து வெளியே போன ரைஃபிள்கள் தனி ரகம். விடுதலைக்குப் பிறகும் இந்தியப் படை நம்பர் 4 (டி)யைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அவற்றில் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஓட்டிய இஷாப்பூர் திருகு, ஆர்எஃப்ஐ (இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை) குறி, மாற்றி அடித்த பிராக்கெட் எண் எல்லாம் வரும். எண்கள் சேரவில்லை என்பதால் மட்டும் இவற்றைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பேட் அசலாக, டி அசலாக இருந்தால் ரைஃபிள் அசல் ஸ்னைப்பர். இங்கே பட்டறையில் இன்னொரு ஜோடிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம்பர் 8 தகரப் பெட்டி ஸ்கோப்புக்கு, நம்பர் 15 மரப்பெட்டி ரைஃபிளுக்கு. பெட்டியில் பெயிண்டால் எழுதிய ரைஃபிள் எண் பொருந்தினால் மதிப்பு ஏறும். பெட்டி நகல்களும் உண்டு. ஆணி, கீல், உட்புற மரத்தாங்கியின் தேய்மானம் மூன்றையும் பாருங்கள். ரைஃபிள் ஐம்பது வருடம் உட்கார்ந்த இடத்தில் ஃபெல்ட் அமுங்கியிருக்கும். காகிதச் சான்று எதுவானாலும் அதில் ரைஃபிளின் வரிசை எண் இருக்க வேண்டும். தாத்தா போரில் பயன்படுத்தினார் என்ற கடிதத்தில் எண் இல்லாவிட்டால் அது தாத்தாவைப் பற்றிய கடிதம்.

தூரத்திலிருந்து வாங்கினால்

இந்தப் படங்களைக் கேளுங்கள்: பட் சாக்கெட்டின் இடது முகம், ரிசீவரின் இடது சுவர் முழுதும், பிராக்கெட் இறக்கிய பிறகு இரண்டு பேட்டும் தனித்தனியாக, போல்ட் கைப்பிடியின் பின்புறம், பிராக்கெட்டின் எண், ஸ்கோப்பின் முழு எழுத்து, கட்டைக் கழுத்தின் மேற்புறமும் அடிப்புறமும், ரியர் சைட் மடக்கிய நிலையில், ஸ்கோப் வழியே எடுத்த ஒரு படம். எல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில். பிராக்கெட்டை இறக்கிப் படம் எடுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இரண்டு திருகைத் திருப்பும் வேலை அது.

விலை பேசும்போது ஐந்து படி வையுங்கள். எண் சேரும் ரைஃபிள், பிராக்கெட், ஸ்கோப், பெட்டி எல்லாம் ஒன்றாக இருப்பது உச்சம். பெட்டியில்லாமல் மற்றவை சேர்வது அடுத்தது. அசல் ஸ்னைப்பர் ரைஃபிளில் வேறு அசல் ஸ்கோப் இருப்பது மூன்றாவது. ஸ்கோப்பே இல்லாத, பேட்டோடு நிற்கும் முன்னாள் ஸ்னைப்பர் நான்காவது. ராணுவம் அப்படி நிறைய விற்றது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிற்காலத்தில் கட்டிச் சேர்த்தது கடைசி. அதற்குச் சாதாரண நம்பர் 4-ன் விலையும் தனித்தனி உதிரிகளின் விலையும் கூட்டிக் கொடுங்கள். ஒரு ரூபாயும் கூட வேண்டாம்.

வாங்கிய பிறகு மங்கிய எழுத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடைக்காதீர்கள், சேராத எண்ணைத் திருத்தி அடிக்காதீர்கள், கட்டையை மணல்தாளில் தேய்க்காதீர்கள். கழுத்தில் இருக்கும் ஸ்கோப் எண் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது; ஒரு ஞாயிற்றுக்கிழமை மெருகில் போய்விடும். முன் பேட் ஆடினால், சுடுவதை நிறுத்திவிட்டு, லீ-என்ஃபீல்ட் தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுங்கள். சால்டரைச் சூடாக்கும் முன் பேட்டையும் திருகுகளையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பொட்டுத் தடங்கள் போன பிறகு, அடுத்து வாங்குபவர் லூப்போடு வந்து நிற்கும்போது காட்ட உங்களிடம் அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கும்.